காய்ந்த கடதாசியில் ஓர் ஈரக் கண்

கையடக்கத் தொலைபேசியில் ஒரு படம் வருகிறது. யானை ஒன்றின் முகம், கறுப்பு வெள்ளை. தும்பிக்கைத் தோலின் வெடிப்புகள், காதோரத்து மயிர், கண்ணுக்குக் கீழே வழிந்த ஈரம் எல்லாம் தெரிகின்றன. நல்ல போட்டோ என்று நினைத்து அடுத்த படத்துக்கு நகர்த்தினால், அதே யானை பாதி முடிந்த நிலையில் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பென்சில், அதைப் பிடித்த ஒரு கை. உடனே முதல் படத்துக்குத் திரும்பி விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறோம். எல்லோர் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "இதை எப்படிக் கையால் வரைந்தார்கள்?"

கண்டிக்காரருக்கு இந்த வியப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். யானை இங்கே காட்டுக்குள் மட்டும் இருக்கும் விலங்கல்ல. பெரஹரா மாதத்தில் தெருவில் நடக்கும்; தலதா மாளிகை வளாகத்தில், ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் புனிதப் பேழையைச் சுமந்து, 1988 ஜூலை 16ஆம் திகதி இறந்த 'ராஜா' என்ற யானை பதப்படுத்தப்பட்ட உடலோடு இன்றும் நிற்கிறது. யானையின் முகம் இங்குள்ளவர்களுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர்களையே ஒரு பென்சில் படம் ஏமாற்றுகிறது.

ஆனால் நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கடதாசி காய்ந்தது, தட்டையானது. பென்சில் பூச்சு வெறும் தூள். அந்தக் கடதாசியில் ஒரு துளி தண்ணீர்கூட இல்லை. பிறகு அந்தக் கண் ஏன் ஈரமாகத் தெரிகிறது?

இவ்வகைப் படங்களை இந்த அத்தியாயத்தில் 'அச்சசல் ஓவியம்' என்று அழைப்போம். அச்சு அசலாக இருப்பதுபோலத் தோன்றும் ஓவியம் என்று பொருள்.

கோளாறு கையிலா, கண்ணிலா?

"எனக்குக் கை வராது" என்பார்கள் வரையத் தெரியாதவர்கள். ஆனால் அவர்களே தங்கள் கையெழுத்தை இட்டு, ஊசியில் நூல் கோத்து, கோலமும் போடுவார்கள். ஒரு கண்ணை வரைவதற்கு அதைவிட நுட்பமான கை தேவையில்லை.

1997 இல் கோஹன், பெனற் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். பெரும்பாலானோர் பார்ப்பதை ஏன் பார்த்தபடி வரைய முடிவதில்லை? கை தடுமாறுகிறதா, எதை வரைவது எதை விடுவது என்ற முடிவில் பிழையா, வரைந்ததைச் சரிபார்ப்பதில் பிழையா, அல்லது பொருளைப் பார்க்கும்போதே பிழையா? ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனபோது கடைசியில் நின்றது பார்வைதான். பொருளைத் தவறாகப் பார்க்கிறோம், பார்த்த தவறை ஒழுங்காக வரைகிறோம்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிச் 1960 இல் எழுதிய நூலால் பெயர் பெற்றது. நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு மிக எளிது. சுடுதண்ணீரில் குளித்த பின் ஆவி படிந்த கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் எல்லையை விரலால் வரையுங்கள். பிறகு அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். உங்கள் முகத்தின் உயரத்தில் சரி பாதிதான் இருக்கும். அருகே நின்றாலும் தள்ளி நின்றாலும் பாதிதான். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால், நீங்கள் முன்னால் நிற்கும் அதே தூரத்தில் தோன்றுகிறது. கண்ணாடி நடுவில் இருப்பதால் கணக்கு எப்போதும் பாதிக்கு வரும். தினமும் காலையில் அந்த அரை முகத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் முழு முகத்தைப் பார்ப்பதாகவே ஒவ்வொரு நாளும் நம்புகிறோம்.

இது கண்ணின் குறையல்ல, மூளையின் கெட்டித்தனம். தூரத்தில் வரும் யானை கண்ணுக்குள் விரல்நகம் அளவுதான் விழும். மூளை தூரத்தைக் கணக்கில் எடுத்து, 'யானை அளவு' என்று திருத்திக் கொடுக்கிறது. அளவு, நிறம், வடிவம் எல்லாவற்றுக்கும் இந்தத் திருத்தம் நடக்கிறது. பார்வை அறிவியலில் இதற்கு 'மாறாமை' என்று பெயர். உயிர் பிழைக்க அது வேண்டும். படம் வரைய அதுவே தடை.

நிழலைத் தள்ளிப் பார்க்கும் பழக்கம்

அளவைவிட மோசமான மாறாமை வெளிச்சத்தில் இருக்கிறது. 1995 இல் எட்வர்ட் அடெல்சன் ஒரு படம் செய்தார். சதுரங்கப் பலகை ஒன்று, அதன்மேல் ஓர் உருளை, உருளையின் நிழல் பலகைமீது விழுகிறது. நிழலுக்கு வெளியே ஒரு கறுப்புக் கட்டம், நிழலுக்குள்ளே ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். யார் சொன்னாலும் கண் ஒப்புக்கொள்ளாது. மற்ற இடங்களைக் கையால் மறைத்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்ளும். நிழலில் இருப்பது உண்மையில் வெள்ளைதான் என்று மூளை முடிவுகட்டி, நிழலைக் கழித்துவிட்டுக் காட்டுகிறது.

இதுதான் முகம் வரைபவர்களைக் கவிழ்க்கும் பள்ளம். கண்ணின் வெள்ளை வெள்ளைதான் என்று நமக்குத் தெரியும். ஆகவே கடதாசியை அங்கே வெறுமையாக விடுகிறோம். உண்மையில் புருவ மேடும் இமையும் அதன்மேல் நிழல் வீசுகின்றன. வெயிலில் நிற்கும் கறுத்த மனிதரின் நெற்றிப் பளபளப்பைவிட, அவருடைய கண்வெள்ளை பல நேரம் கறுப்பாகவே இருக்கும். அதை வெள்ளையாக விட்டால் பேய் முழிப்பதுபோல ஆகிவிடும். பாடசாலைச் சித்திரக் கொப்பிகளில் முழிக்கும் கண்களுக்கெல்லாம் காரணம் இதுதான்.

அச்சசல் ஓவியர்கள் இதற்கு வைத்திருக்கும் கருவி சிரிக்கத்தக்க அளவுக்கு எளிது: நடுவில் ஒரு துளையிட்ட வெள்ளை அட்டை. மூலப் போட்டோவின்மேல் அதை வைத்தால், துளைக்குள் ஒரு சாம்பல் நிறம் மட்டும் தெரியும். அது கண்ணா கன்னமா என்று மூளைக்குத் தெரியாது, ஆகவே திருத்தவும் செய்யாது. ஓர் இடம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்ற அளவைச் சித்திரகாரர்கள் 'தொனி' என்பார்கள். துளைக்குள் தெரிவது கலப்படமில்லாத தொனி. கட்டம் போட்டு வரைவதும் இதே தந்திரம்தான். முகத்தைச் சிறு சதுரங்களாக வெட்டிவிட்டால் மூக்கும் வாயும் இல்லாமல் போய்விடும், வளைவுகளும் தொனிகளும் மிஞ்சும்.

கட்டம் போடுவதைக் கள்ளத்தனம் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மூளையின் திருத்தத்தை ஏமாற்ற ஒரு மனிதர் கண்டுபிடித்த வழி அது.

பூமிக்கடியில் இருந்து வந்த கறுப்பு

பென்சிலுக்குள் இருப்பது காரீயம் எனப்படும் கிரபைட். அதற்கும் கண்டிச் சுற்றுவட்டாரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. மேற்கே கேகாலை மாவட்டத்துப் போகல, வடமேற்கே குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ ஆகிய இரண்டும் பெயர்பெற்ற காரீயச் சுரங்கங்கள். பழம்பாறைகளின் வெடிப்புகளுக்குள் கரி மட்டும் படிந்து நரம்புபோல ஓடும் இந்த வகைக் காரீயம் உலகில் மிகச் சில இடங்களிலேயே வணிக அளவில் கிடைக்கிறது. வெட்டி எடுக்கும்போதே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீதத்துக்கு மேல் கரியாக இருப்பதும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது, ஆனால் பென்சிலுக்காக அல்ல. பெரும்பங்கு உலோகம் உருக்கும் மூசைகளுக்கே போனது.

இந்தக் காரீயத்தைப் பற்றி 1900 இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை அறிஞராக உலகம் அறிந்த அதே தமிழர்தான். தொழிலால் அவர் புவியியலாளர். இலங்கைக் கனிமவள ஆய்வின் முதல் பணிப்பாளராக இருந்தார், தோரியனைற் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். அவர் இந்த அத்தியாயத்தில் இன்னொரு முறை வருவார்.

காரீயத்துக்குள் கரியணுக்கள் அறுகோண வலையாகப் பின்னி, தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. ஒரு தாளுக்குள் பிணைப்பு மிக வலிது. தாளுக்கும் தாளுக்கும் இடையே மிக மெலிது. வெற்றிலைக் கட்டை விரலால் தள்ளினால் மேல் வெற்றிலை வழுக்கிக்கொண்டு போவதுபோல, கடதாசியின் சொரசொரப்பில் உரசும்போது அடுக்குகள் கழன்று ஒட்டிக்கொள்கின்றன. எழுதுவது என்பது இதுதான். பிரான்சில் கொந்தே 1795 இல் காரீயத் தூளோடு களிமண்ணைக் கலந்து சுட்டார். களி கூடினால் கடினமும் வெளிறலும், குறைந்தால் மென்மையும் கறுப்பும். கடைப் பென்சிலில் 2எச், எச்பி, 6பி என்று போட்டிருப்பது இந்தக் கலவையின் அடையாளம்.

ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தத் தாள்கள் தட்டையானவை. அழுத்தி அழுத்திப் பூசினால் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்து, உலோகம்போல மினுங்கத் தொடங்கும். இன்னும் கறுப்பாக்கப் போனால் இன்னும் மினுங்கும். ஒரு கோணத்தில் பார்த்தால் மிகக் கறுத்த இடம் வெள்ளியாகத் தெரியும். ஆகவே விலங்கின் கண்மணிக்கு மட்டும் பலர் கரிப் பென்சிலையோ கார்பன் பென்சிலையோ எடுக்கிறார்கள். அதன் துகள்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் ஒளி உள்ளே சிக்கி அமிழ்ந்துபோகும்.

மினுக்கம் தவிர இன்னொரு எல்லையும் உண்டு. வெள்ளைக் கடதாசி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு வீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மிகக் கறுத்த பென்சில் பூச்சும் சில வீதத்தையாவது அனுப்பும். இரண்டுக்கும் இடையே சில பத்து மடங்கு வித்தியாசம்தான். ஆனால் வெயிலில் நிற்கும் யானையின் கண்ணில் மின்னும் சூரியனுக்கும் அதன் காதுக்குப் பின்னாலுள்ள இருட்டுக்கும் இடையே பல்லாயிரம் மடங்கு. அந்தப் பல்லாயிரத்தை இந்தச் சில பத்துக்குள் அடக்க வேண்டும். அடக்க முடிவதற்குக் காரணம், கண் ஒளியின் மொத்த அளவை எண்ணுவதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது.

ஒரே ஒரு கண்

இனி ஒரு யானைக் கண்ணை வரைந்து பார்ப்போம். காலை வெயிலில், பக்கவாட்டில் எடுத்த தெளிவான போட்டோ ஒன்றை வைத்துக்கொள்வோம். வழுவழுப்பான தடித்த கடதாசியில் கண் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வரட்டும்.

கட்டம் போட்டு எல்லைகளை 2எச் பென்சிலால் மிக மெலிதாகக் குறித்தபின் தொடங்கவேண்டிய இடம் கண்மணி. யானைக்கு அது மனிதருக்குப்போல வட்டம்தான். மிகக் கறுப்பான இடத்தை முதலில் வைத்துவிட்டால், மற்ற ஒவ்வொரு தொனியையும் அதனோடு ஒப்பிடலாம். வெளிறிய இடத்தில் தொடங்குபவர்கள் பயந்து பயந்து பூசி, படம் முழுவதையும் சாம்பலாக்கிவிடுவார்கள்.

கண்மணியை நிரப்பும்போதே ஒரு சிறு இடத்தைத் தொடாமல் விடவேண்டும். அதுதான் ஒளிப்பொட்டு. கண்ணின் முன்புறம் விழிவெண்படலம் என்ற தெளிவான குவிந்த சுவர். அதன்மேல் கண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியிருப்பதால் அது ஒரு சின்னஞ்சிறு குவியாடி. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு வீதம் அளவையே அது பிரதிபலிக்கிறது. ஆனால் எதிரே இருப்பது வானமோ சூரியனோ என்றால், அந்த இரண்டு வீதமே சுற்றியுள்ள எல்லாவற்றையும் தோற்கடிக்கப் போதும். கூர்ந்து பார்த்தால் அது வெறும் பொட்டல்ல, ஒரு படம்: மேலே வானம், கீழே வளைந்த அடிவானம், சில நேரம் மரங்களின் நிழலுரு. மேல் இமையின் மயிர்கள் அதன் விளிம்பைக் கீறிக்கொண்டு போகும்.

நமது கேள்விக்கு விடை இங்கேதான் கிடக்கிறது. ஒரு பரப்பு ஈரமானது, பளபளப்பானது என்று மூளை எப்படி அறிகிறது? தொட்டுப் பார்க்காமல், ஒளிப்பொட்டை வைத்துத்தான். 1981 இல் பெக், பிராஸ்னி இருவரும், ஒரு பளபளப்பான சாடியின் படத்தில் ஒளிப்பொட்டுகளை அழித்தால் சாடியே மங்கிப்போவதைக் காட்டினார்கள். வெள்ளைப் பொட்டு எங்கே இருந்தாலும் போதுமா? போதாது. 2009 இல் அண்டர்சன், கிம் இருவரும் பொட்டுகளை இடம் மாற்றித் திருப்பி வைத்தபோது பளபளப்பு மறைந்து, வெள்ளைச் சாயம் சிந்தியதுபோல ஆனது. பொட்டின் இடமும் திசையும் பரப்பின் வளைவோடும் நிழலோடும் பொருந்தினால் மூளை 'ஈரம்' என்கிறது, பொருந்தாவிட்டால் 'கறை' என்கிறது. இரண்டு கண்களையும் வரையும்போது இந்த விதி இன்னும் கடுமை. ஒளி தூரத்தில் இருந்து வருவதால், இடக்கண்ணில் பொட்டு பத்து மணி முள்ளின் திசையில் இருந்தால் வலக்கண்ணிலும் ஏறக்குறைய பத்து மணிதான். அழகுக்காக ஒன்றுக்கொன்று எதிராக வைத்தால் பார்வை பிசகிவிடும்.

அடுத்தது கருவிழி. யானைக்குப் பெரும்பாலும் தேன்பழுப்பு. மேல் பாதி இமையின் நிழலில் இருட்டாக இருக்கும். ஒளிப்பொட்டு இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒளிர்வாக இருக்கும். பலருக்கு இது புதிராகப் படும். விழிவெண்படலம் ஒரு வில்லையும்கூட. இடது மேல்புறம் புகுந்த ஒளியை வளைத்து வலது கீழ்ப்புறத்தில் குவிக்கிறது. இந்த எதிர்ப்பக்க ஒளிர்வை வைத்தவுடன் கண்ணுக்கு ஆழம் வந்துவிடும். தட்டையான வட்டம் உருண்டையாகிவிடும்.

கீழ் இமையின் விளிம்பில் கண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் மயிரிழை அளவு வெளிச்சக் கோடு ஒன்று உண்டு. அந்த இடத்தைப் பூசிய பின், பிசையக்கூடிய அழிறப்பரைக் கூராக உருட்டி ஒற்றி அந்தக் கோட்டை எடுப்பார்கள். பென்சிலால் வெள்ளை போட முடியாது. கறுப்பை எடுத்துத்தான் வெள்ளையைக் கொண்டுவர வேண்டும்.

பிறகு அந்த வழிந்த ஈரம். மனிதருக்குக் கண்ணீர் மூக்குக்குள் வடிய ஒரு நுண்குழாய் இருக்கிறது; அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். யானைக்கு அந்தக் குழாய் இல்லை. மிஞ்சிய ஈரம் கன்னத்தில் வழிகிறது. யானை அழுகிறது என்று பெரஹரா பார்க்க வந்தவர்கள் பரிதாபப்படுவதில் பாதி இந்த உடலமைப்பின் விளைவு. (மீதிப் பாதியைப் பற்றி, அதாவது சங்கிலியைப் பற்றி, வேறு நூல் எழுதவேண்டும்.)

ஈரம்பட்ட தோல் ஏன் கறுக்கிறது? காய்ந்த தோலின் மேடுபள்ளங்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. தண்ணீர் படலம் மூடியதும், தோலில் பட்டுத் திரும்பும் ஒளியின் ஒரு பகுதி தண்ணீரின் மேற்பரப்பைத் தாண்ட முடியாமல் உள்ளேயே மீண்டும் திரும்பி, மறுபடி தோலில் பட்டு உறிஞ்சப்படுகிறது. வெளியே வருவது குறைகிறது. ஆகவே ஈரத்தடம் வரைய வேண்டுமானால் அந்த இடத்தை முதலில் சுற்றிலும் உள்ளதைவிடக் கறுப்பாக்கி, பிறகு மேடுகளின் உச்சியில் மட்டும் சில கூரிய வெள்ளைகளை எடுக்கவேண்டும். கறுப்பும் கூர்மையான வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஈரம். அந்தக் கறுப்பு இல்லாமல் வெள்ளை மட்டும் வைத்தால் மாவு கொட்டியதுபோல இருக்கும்.

பந்தம் கீழே எரியும்போது

கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கங்களுக்குப் பெரிய இரகசியம் இல்லை. ஒவ்வொரு சுருக்கமும் வெளிச்சம் பட்ட ஓர் உதடும் நிழலான ஒரு சரிவும் கொண்டது. ஆனால் எது மேடு, எது பள்ளம் என்று பார்ப்பவர் எப்படி முடிவு செய்கிறார்?

சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. மேல்பாதி வெளிச்சமும் கீழ்பாதி இருட்டுமான வட்டங்கள் குமிழாகத் தெரிகின்றன. அதையே தலைகீழாக்கினால் குழியாகத் தெரிகின்றன. ஒளி மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே மூலத்திலிருந்து வரும் என்று மூளை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. வானத்தின் கீழ் வளர்ந்த உயிர் வேறெப்படி எடுத்துக்கொள்ளும்? அச்சசல் யானைப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தோலின் மேடுகளில் பல பள்ளங்களாகிவிடும்.

கண்டிச் சித்திரகாரருக்கு இதில் ஒரு தனித் தொல்லை. எசல பெரஹராவில் கொப்பறா எரியும் தீப்பந்தங்களை ஏந்துவோர் தரையில் நடக்கிறார்கள். யானையின் முகம் அவர்கள் தலைக்கு மேலே. வெளிச்சம் கீழிருந்து போகிறது. போதாததற்கு, அலங்காரப் போர்வையில் மின்குமிழ்கள் வேறு. அந்த இரவுப் போட்டோவை அப்படியே பார்த்து வரைந்தாலும் தோல் குழிகுழியாகவும் கண் உள்வாங்கியும் தெரியும். பிழை ஓவியரிடம் இல்லை. மூளை எதிர்பார்க்கும் திசைக்கு மாறான ஒளி அது. பந்தத்தையோ பந்தக்காரரின் தோளையோ படத்தின் ஓரத்தில் சேர்த்துவிட்டால் பார்ப்பவருக்கு ஒளியின் திசை விளங்கி, முகம் பெரும்பாலும் சரியாகும். அல்லது பேசாமல் பகல் போட்டோவை எடுத்துக்கொள்ளலாம். தேர்ந்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள்.

மனித முகம் மன்னிக்காது

யானையின் கண் இரண்டு மில்லிமீற்றர் விலகினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். மனித முகத்தில் அரை மில்லிமீற்றர் விலகினால் அது வேறு ஆள்.

முகத்தை நாம் உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதில்லை, முழுதாக விழுங்குகிறோம். 1969 இல் ரொபர்ட் யின் காட்டியதுபோல, தலைகீழாக்கினால் வீட்டையும் விமானத்தையும் அடையாளம் காண்பது கொஞ்சம்தான் கடினமாகிறது, முகம் மட்டும் மிகக் கடினமாகிறது. 1980 இல் பீற்றர் தொம்சன், மார்கிரட் தாச்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படம் முழுவதையும் தலைகீழாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, நேராக்கினால் அரக்கி. மூளையில் முகத்துக்கென்றே சிறப்பாக வேலை செய்யும் ஒரு பகுதி இருப்பதை நான்சி கான்விஷர் குழுவினர் 1997 இல் விவரித்தனர்.

ஆகவேதான் முகம் வரைபவர்கள் போட்டோவையும் கடதாசியையும் தலைகீழாகத் திருப்பி வைத்து வேலை செய்கிறார்கள். மூளையின் அந்தப் பகுதியின் வாயை அடைத்துவிட்டு, வளைவுகளை மட்டும் பார்க்கும் வழி அது. தொடக்கக்காரர்கள் கண்ணை நெற்றிக்கு ஏற்றி வைப்பதும் முகத்தில் நமக்குள்ள அளவுகடந்த ஈடுபாட்டால்தான். அளந்து பாருங்கள்: உச்சந்தலைக்கும் நாடிக்கும் சரி நடுவில் கண் இருக்கிறது. நெற்றியும் தலையும் நமக்கு முக்கியமில்லாதவை, ஆகவே அவற்றைச் சுருக்கிவிடுகிறோம்.

போட்டோவிலும் ஒரு பொறி உண்டு. கைநீட்டும் தூரத்தில் எடுத்த செல்பியில் மூக்கு கமராவுக்கு மிக அருகில், காது தூரத்தில். ஒன்றரை மீற்றரில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், முப்பது சென்ரிமீற்றரில் எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 வீதம் அகலமாகத் தெரியும் என்று 2018 இல் ஒரு கணிப்பு வந்தது. அதை அச்சசலாக வரைந்து கொடுத்தால், "என் மூக்கு இப்படியா?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

இத்தனை நுட்பமான முகப்பார்வை வரைபவருக்குக் கட்டாயம் வேண்டும் என்று நினைப்போம். அமெரிக்காவின் சக் குளோஸ், 1967, 68 இல் தன் முகத்தை இரண்டே முக்கால் மீற்றர் உயரத் துணியில் போட்டோபோலத் தீட்டி இந்தக் கலைக்கே வழி திறந்தவர். அவருக்கு முகக்குருடு இருந்தது. தெரிந்தவர்களின் முகத்தையே அடையாளம் காணமுடியாத நிலை. போட்டோவைக் கட்டமிட்டு, கட்டம் கட்டமாகத் தட்டையாக்கிய பிறகுதான் முகங்கள் அவருக்கு வசப்பட்டன.

தெகல்தொறுவையின் வெள்ளை யானை

கண்டிக்கு அருகே அமுனுகமப் பக்கம் தெகல்தொறுவைக் குகை விகாரை இருக்கிறது. நாயக்க வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747 - 1782) காலத்தது. சுவரில் வெசந்தர ஜாதகக் கதை, அதில் தானம் கொடுக்கப்படும் வெள்ளை யானை. சிவப்புப் பின்னணி, ஒரே சீரான நிறம், சுற்றிலும் தயங்காத கோடு. நிழல் கிடையாது, ஒளிப்பொட்டு கிடையாது, ஈரமும் கிடையாது. வரைந்தவர்களில் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்ற பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவருக்கு யானை தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும்.

காரீயத்தைப் பற்றி எழுதிய அதே ஆனந்த குமாரசுவாமி 1908 இல் கண்டிய கைவினைகளைப் பற்றி 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை வெளியிட்டார். கண்டியக் கலைஞன் ஒரு குறிப்பிட்ட யானையை ஒரு குறிப்பிட்ட வெயிலில் பார்த்து வரைபவனல்ல, மரபில் வந்த உருவத்தை மனத்திலிருந்து வரைபவன் என்பதை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது. பார்வை அறிவியலின் பக்கத்திலிருந்து சொன்னால், அச்சசல் ஓவியர் மூளை திருத்துமுன் உள்ள தொனியைத் தேடுகிறார். தெகல்தொறுவைக்காரர் மூளை திருத்தி முடித்த யானையை வரைகிறார்: வெயில் மாறினாலும், நீங்கள் தலையைத் திருப்பினாலும் மாறாத யானை. ஒன்றைத் திறமை என்றும் மற்றதைத் திறமையின்மை என்றும் சொல்வது அறியாமை.

அச்சசல் வேலையிலும் மனம் இல்லாமல் இல்லை. 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பலியான தமிழ்நாட்டு ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுத்த கிராமத்துப் பெண்கள், கதவு வழியாகவும் சன்னல் வழியாகவும் விழும் வெளிச்சம். தொனி ஒவ்வொன்றும் போட்டோவைப் போலச் சரி. ஆனால் எந்த முகத்தை, எந்த வெளிச்சத்தில் நிறுத்துவது என்று தேர்ந்தது போட்டோ அல்ல. அச்சசல் படங்களில் பெரும்பகுதி வெறும் பொறுமைக் காட்சியாக நின்றுவிடுவதற்கும் காரணம் இந்தத் தேர்வு இல்லாமைதான். நூறு மணி நேரம் உழைத்தது என்பதற்காக ஒரு படம் நல்ல படமாகிவிடாது.

பென்சில் பிடிக்கப் பயப்படும் வாசகர்கள் ஒரு 2பியும் ஒரு 6பியும் வாங்குங்கள். முழு முகம் வேண்டாம். பகலில் சன்னலுக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்து உங்கள் ஒற்றைக் கண்ணை மட்டும், கைக்குள் அடங்கும் அளவுக்கு வரையுங்கள். கண்மணியில் தொடங்குங்கள், சன்னலின் வடிவம் விழும் இடத்தைத் தொடாமல் விடுங்கள், கண்வெள்ளையைத் துணிந்து கறுப்பாக்குங்கள்.